சூப்பர்னு சொல்லாதீங்க, கொம்பு எங்கன்னு கேளுங்க

பூப்படம் காட்டினா ‘சூப்பர்’னு சொல்ற பழக்கத்தை நாம கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கணுமுங்க. ‘அருமை’, ‘கலக்கிட்டீங்க’, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறது, எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன். படம் எடுத்தவருக்கு அதுல அஞ்சு காசு பிரயோஜனம் கிடையாது. அடுத்த பூவையும் அவர் அதே மாதிரிதான் எடுப்பார். பத்து வருசம் கழிச்சும் அதே மாதிரிதான் எடுப்பார், நாமளும் அதே ‘சூப்பர்’ சொல்லிட்டு இருப்போம்.

இதைச் சொல்ல நீ யாருய்யான்னு கேட்டா, நான் பூவுக்கு நடுவுல நிக்கிறவன். திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் ரெண்டரை ஏக்கர். அதுல ஒரு ஏக்கர் கண்வலிக்கிழங்கு. அப்படிச் சொன்னா பட்டணத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. செங்காந்தள்னு சொன்னா தெரியும், நம்ம மாநில மலர். கார்த்திகைப் பூன்னும் சொல்லுவாங்க. கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைஞ்சு கிளைச்சு இருக்கிறதால கலப்பைக் கிழங்குன்னும் பேர் உண்டு. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் வரிசையாச் சொல்ற 99 பூவுல முதல் பூவே இதுதான்னு பள்ளிக்கூடத்துல தமிழய்யா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

நாங்க இதை வளர்க்கிறது விதைக்காக. விதையில கோல்சிசின்னு ஒரு சரக்கு இருக்கு. யூரிக் அமிலத்தால வர்ற மூட்டுவலிக்கு மருந்து செய்ய அது போகுது. பூவுக்கு எங்ககிட்ட விலை கிடையாது. ஆனா கேமராவோட வர்றவங்க எல்லாம் பூவுக்குத்தான் வர்றாங்க. ஆவணி பொறந்து கொடி முள்கிளுவை மேல ஏறிப் பூக்க ஆரம்பிச்சா, சனி ஞாயிறுல ரோட்டோரமா காரு நிக்கும். கோயமுத்தூர், ஈரோடு, சில சமயம் சென்னை. இறங்கி, “ஐயா, ஒரு நாலு படம் எடுத்துக்கலாமா?”ன்னு கேப்பாங்க. எடுத்துக்குங்கன்னு சொல்லுவேன். நாலுன்னு சொன்னவங்க நானூறு எடுப்பாங்க. எடுத்து முடிச்சதும் என்கிட்ட காட்டுவாங்க. கூட வந்தவங்க எல்லாம் ‘சூப்பர்’ சொல்லுவாங்க. நானும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வெக்கலாம். அதுதான் மரியாதைன்னு ஊர்ல நினைக்கிறாங்க.

போன வருசம் ஒரு தம்பி வந்தார். சென்னையில கம்ப்யூட்டர் வேலை. கழுத்துல பெரிய கேமரா, குழாய் மாதிரி லென்ஸ், எல்லாம் சேர்ந்தா எங்க வீட்டு எருமை விலை இருக்கும். நல்ல பையன், வரப்புல பார்த்துதான் காலை வெச்சார். படமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. அப்போ மகரந்தம் வைக்க வந்திருந்த அக்கா ஒருத்தர், அறுவது வயசு இருக்கும், எட்டிப் பார்த்தாங்க. ரெண்டு மூணு படம் தள்ளிப் பார்த்துட்டு, “ஏந்தம்பி, கொம்பு எங்க?”ன்னு கேட்டாங்க.

அந்தத் தம்பிக்குப் புரியலை. கொம்புன்னு அவங்க சொன்னது சூல்தண்டை. செங்காந்தள் பூ தலைகீழாத் தொங்கும். ஆறு இதழும் பின்பக்கமா மடிஞ்சு, தீ நாக்கு மாதிரி மேல நோக்கி நெளிஞ்சு நிக்கும். மகரந்தக் காம்பு ஆறும் கீழ குடைக்கம்பியாட்டம் விரிஞ்சிருக்கும். இதுல சூல்தண்டு மட்டும் நேராப் போகாது. பச்சைச் சூல்பைக்குக் கீழ இருந்து ஒடிச்சு விட்ட மாதிரி ஒரு பக்கமா மடங்கி, பூவை விட்டே வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். சொந்த மகரந்தம் எளிதா ஒட்டாம இருக்க அந்த ஏற்பாடு. அதனாலதான் நாங்க ஆள் வெச்சு, காலையில ஒவ்வொரு பூவுக்கும் கையால மகரந்தம் தொட்டு வெக்கிறோம். வெச்சாத்தான் காய் நல்லாப் பிடிக்கும், காயில விதை நிறையும். எங்களுக்கு இந்தப் பூவே அந்தக் கொம்புதான். அந்தத் தம்பி எடுத்த இருவது முப்பது படத்துலயும் இதழுக்கு இடம் விட்டுக் கட்டம் போட்டு, கொம்பைப் பாதியில வெட்டியிருந்தார். மனுசனை நிக்க வெச்சு எடுத்துட்டு ஒரு கையை மணிக்கட்டோட வெட்டின மாதிரி.

அக்கா கேட்டது மூணே வார்த்தை. அந்தத் தம்பி அன்னிக்குத் தாராபுரத்துல ரூம் போட்டுத் தங்கி, மறுநாள் விடியக் காலை வந்துட்டார். இந்தத் தடவை பூவைச் சுத்தி வந்தார். எந்தப் பக்கம் நின்னா கொம்பு கேமராவுக்குக் குறுக்கால நீட்டும்னு பார்த்தார். நேரா நம்மளைப் பார்த்து நீட்டினா அது ஒரு புள்ளியாத்தான் தெரியும், குறுக்கால நீட்டினாத்தான் அந்த மடக்கு தெரியும். அப்படி ஒரு பூவைக் கண்டுபிடிச்சு, கொம்பு நீட்டுற பக்கம் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தார். அக்கா பார்த்துட்டு, “ம், இப்பப் பூவு”ன்னாங்க. அவ்வளவுதான் பாராட்டு. அந்தப் பையன் மூஞ்சியில வந்த சந்தோசம் முந்தின நாள் வந்த அத்தனை ‘சூப்பரு’க்கும் வரலைங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். பூப்படத்துக்குக் குறை சொல்ல ஆள் வேணும்னா முதல்ல அந்தப் பூவோட புழங்குறவங்ககிட்ட காட்டுங்க. அவங்களுக்கு லென்ஸ் தெரியாது, கட்டம் தெரியாது, பூ தெரியும். எதை விட்டுட்டீங்கன்னு உடனே சொல்லிடுவாங்க. மல்லிகையை எடுத்தீங்களா, காட்டுல பறிக்கிற அம்மாகிட்ட காட்டுங்க. நல்லா விரிஞ்ச மல்லிகையைப் படம் எடுத்துட்டு அழகுன்னு நினைப்பீங்க. அவங்க பார்த்தா ‘ஐயோ, பறிக்காம விட்டுட்டாங்களே’ம்பாங்க. மல்லிகை விடியுறதுக்கு முன்னாடி மொட்டாப் பறிச்சு சந்தைக்குப் போகணும், சாயங்காலம் கூந்தல்ல விரியணும். செடியிலேயே விரிஞ்ச பூ எங்க கணக்குல நட்டம். உங்களுக்கு அழகு, எங்களுக்கு நட்டம், ரெண்டும் ஒரே படத்துல இருக்குன்னு தெரிஞ்சு எடுத்தா அந்தப் படமே வேற மாதிரி வரும். ஓரத்துல பறிக்கிற விரலையோ, மொட்டு விழுந்த கூடையையோ சேர்க்கத் தோணும்.

பூவைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள்கிட்டயும் காட்டணும், அது வேற காரணத்துக்கு. அவங்ககிட்ட ‘எப்படி இருக்கு’ன்னு கேக்கக் கூடாது. அப்படிக் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க பாவம். ‘உன் கண்ணு முதல்ல எங்க போச்சு’ன்னு கேளுங்க. என் அண்ணன் பேத்தி ஆறாவது படிக்குது. அவகிட்ட ஒரு படத்தைக் காட்டிக் கேட்டா, “அப்பாரு, அந்த ஊதாக் குழாய்”னு சொல்லுவா. பூவுக்குப் பின்னாடி போர்க்குழாய் ஒண்ணு நீலமாக் கிடக்கும். எடுக்கும்போது நம்ம கண்ணுக்கு அது தெரியாது, மனசு பூவுல இருக்கும். கேமராவுக்கு மனசு கிடையாது, குழாயையும் பூவையும் ஒரே மாதிரி எழுதி வெக்கும். சின்னப் பிள்ளைங்க முகத்துக்காகப் பேசத் தெரியாதவங்க, அவங்களை விட நல்ல பரிசோதகர் கிடைக்க மாட்டாங்க. காட்டும்போது ஒண்ணும் விளக்கம் சொல்லாம காட்டணும். ‘இது விடியக் காலையில எடுத்தது, காத்து வேற’ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அவங்க படத்தைப் பார்க்க மாட்டாங்க, உங்க கஷ்டத்தைத்தான் பார்ப்பாங்க.

இனி எடுக்குற முறைக்கு வர்றேன். பெரிய கேமரா பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது, என்கிட்ட இருக்கிறது போன்தான். அதுல தோட்டத்துல நின்னு நான் பார்த்ததைச் சொல்றேன்.

செங்காந்தளுக்கு முதல் எதிரி வெயில், ரெண்டாவது எதிரி காத்து. உச்சி வெயில்ல சிவப்புப் பூவை எடுத்தா, கேமராவுல சிவப்பு நிறம் சீக்கிரமா நிரம்பி வழிஞ்சிடும். நிரம்பினதுக்கு அப்புறம் இதழோட மடிப்பு, நரம்பு, ஓரத்து நெளிவு ஒண்ணும் தெரியாது. பெயிண்ட் டப்பா கவுந்த மாதிரி ஒரே சிவப்புத் திட்டு. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணினாலும் போனது போனதுதான். அதனால போன்ல பூ மேல விரலை அழுத்திப் பிடிச்சா கூர்மையும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கும், பக்கத்துலயே சூரியன் மாதிரி ஒரு அடையாளம் வரும். அதைக் கீழ இழுத்து, கொஞ்சம் இருட்டா வெச்சு எடுங்க. பார்க்க மங்கலாத் தோணும், பரவாயில்லை. இருட்டுல கிடக்கிறதைக் கொஞ்சம் வெளிய கொண்டு வரலாம், நிரம்பி வழிஞ்சதைக் கொண்டு வர முடியாது. மஞ்சள் பூவுக்கும் இதேதான். ஆவாரம்பூவை நடுப்பகல்ல எடுத்துட்டு வெறும் மஞ்சள் கட்டியா வந்திருக்குன்னு வருத்தப்படுறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

வெயில் ஏறிப்போச்சு, இருந்தாலும் எடுத்தே ஆகணும்னா நாலு முழ வேட்டி போதும். வெளுத்த வேட்டியை ரெண்டு பேர் பூவுக்கு மேல விரிச்சுப் பிடிச்சா, வெயில் அதுல வடிஞ்சு மெத்துன்னு இறங்கும். அந்த நிழலை இல்லாத வெளிச்சம்னு நினைக்காதீங்க, அதுதான் நல்ல வெளிச்சம். கருப்புக் குடை ஒண்ணு இருந்தா இன்னும் விசேசம். வெயில் பக்கம் பிடிச்சா நிழலாச்சு, பூவுக்குப் பின்னாடி ரெண்டு அடி தள்ளிப் பிடிச்சா இருட்டுத் திரையாச்சு. ஊதாக் குழாயும் மறைஞ்சுடும், அண்ணன் பேத்தியும் திட்ட மாட்டா.

காத்துக்குத்தான் மருந்து கிடையாது. எங்க ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற ஊர். தாராபுரம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாலையா நட்டு வெச்சிருக்கிறது சும்மா இல்லை. ஆடி, ஆவணியில பகல்ல ஒரு பூ ஒரு நொடி நிக்காது. நீளக் காம்புல தொங்குற பூவாச்சே, ஊஞ்சலாட்டம் ஆடும். விடிஞ்சு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காத்து அசந்திருக்கும். அந்த நேரத்தை விட்டுட்டுப் பத்து மணிக்கு வந்து போனை ரெண்டு கையில பிடிச்சு மூச்சை அடக்குறதுல ஒரு புண்ணியமும் இல்லை, ஆடுறது உங்க கை இல்லை, பூ. அப்பவும் எடுக்கணும்னா ஒரே அழுத்துல பத்துப் பன்னெண்டு படம் தொடர்ச்சியா எடுக்கிற வசதியைப் போட்டுக்குங்க, ஊஞ்சல் ஒரு கோடிக்குப் போய்த் திரும்புற இடத்துல ஒரு கணம் நிக்கும், அந்தப் படம் மட்டும் கூர்மையா இருக்கும். மத்ததை அழிச்சிடுங்க. அழிக்கிறதுக்கு மனசு வரணும், அது தனிப் பாடம்.

அப்புறம் உயரம். வந்து இறங்குறவங்க முக்கால்வாசிப் பேர் நின்ன இடத்துல இருந்து கீழ பார்த்து எடுக்கிறாங்க. தொங்குற பூவை மேல இருந்து எடுத்தா இதழோட முதுகுதான் தெரியும். பூ இடுப்பு உயரத்துல இருந்தா நம்ம கண்ணும் இடுப்பு உயரத்துக்கு இறங்கணும். முட்டி வலிச்சா, உரச் சாக்கை மடிச்சுப் போட்டு உக்காருங்க. ரொம்பக் கிட்டப் போகவும் வேண்டாம். போனைப் பூவுக்கு நாலு விரல்கடையில கொண்டு போனா, முன்னாடி இருக்கிற இதழ் பெருசா வீங்கிப் பின்னாடி இருக்கிறது சிறுத்துப் போகும், போதாததுக்குப் போனோட நிழலும் பூ மேல விழும். ரெண்டு அடி பின்னால வந்து, போன்ல ரெண்டு மடங்கு பெருசாக்கி எடுங்க. பூ தன்னோட அளவுல இருக்கும்.

இன்னொரு சங்கதி, இது ஒரு ஓவிய ஆசிரியர் எங்க திண்ணையில உக்காந்து சொன்னது. ஜெர்மனியில கார்ல் பிளாஸ்ஃபெல்ட்னு ஒருத்தர், பெர்லின்ல கலைப் பள்ளி வாத்தியார். செடி, மொட்டு, விதைக்கூடு இதையெல்லாம் ரொம்பப் பெருசாக்கிக் கருப்பு வெள்ளையில படம் எடுத்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத்தான் எடுத்திருக்கார். 1928ல அது புத்தகமா வந்து உலகம் பூரா பேர் வாங்கிடுச்சு. அதுல சில படத்தை அந்த ஆசிரியர் காட்டினார். பின்னாடி ஒண்ணுமே இல்லாத வெறும் அட்டை, ஒரு பக்கத்துல இருந்து மெத்துன்னு வெளிச்சம், நடுவுல ஒரு பெரணிக் குருத்து. கோயில் தூண்ல செதுக்கின மாதிரி இருந்துச்சு. அப்போ அவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். உங்க பூப்படத்தைப் போன்லயே கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. சிவப்பும் இலைப் பச்சையும் கருப்பு வெள்ளையில கிட்டத்தட்ட ஒரே சாம்பல் ஆயிடும். அப்பவும் பூ தனியாத் தெரிஞ்சா நீங்க உருவத்தை எடுத்திருக்கீங்க. பூ இலைக்குள்ள காணாமப் போனா, இதுவரைக்கும் அந்தப் படத்தைத் தாங்கினது சாயம் மட்டும்தான். ஆளே இல்லாதப்ப நமக்கு நாமே குறை சொல்லிக்க இதைவிட நல்ல வழி நான் பார்க்கலை.

நிறத்தை ஏத்தி விடுற பழக்கம் பத்தியும் சொல்லணும். செங்காந்தளுக்கு ஒரே நிறம் கிடையாது. விரியுறப்பப் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் அடி மஞ்சள் நுனி சிவப்பு, நாள் ஆக ஆக முழுக்க இரத்தச் சிவப்பு. ஒரே கொடியில மூணு வயசுப் பூவும் தொங்கும். எந்தப் பூவுக்கு இன்னிக்கு மகரந்தம் வெக்கணும், எதுக்கு முடிஞ்சுபோச்சுன்னு அக்காமாருங்க நிறத்தைப் பார்த்துச் சொல்லிடுவாங்க. நீங்க ஒரு பொத்தானைத் தட்டி எல்லாத்தையும் ஒரே நெருப்புச் சிவப்பா ஆக்கினா அந்தக் கணக்கெல்லாம் அழிஞ்சுபோகுது. இலையும் பிளாஸ்டிக் தோரணம் மாதிரி ஆயிடுது. இலையோட நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடிச்சிருக்குமே, அதையும் யாரும் கவனிக்கிறதில்லை. பூவும், பிடிச்சிருக்கிற அந்த இலை நுனியும் சேர்ந்து வந்த ஒரு படத்தை நான் எப்பவாவதுதான் பார்க்கிறேன். நீங்க எடுத்தா எனக்குக் காட்டுங்க.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரங்க கவலைன்னு நினைக்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து மாமனுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கொடியில இலையெல்லாம் புள்ளி விழுந்து கருக ஆரம்பிச்சுது. வேளாண்மைத் துறையில தெரிஞ்ச அலுவலர் ஒருத்தருக்குப் போன்ல படம் எடுத்து அனுப்பினார். வரப்புல நின்னு எடுத்த படம், வானம் பாதி, வேலி பாதி. அந்த அலுவலர் ‘சரியாத் தெரியலை’ன்னு ஒத்த வரியில முடிக்கலை. காலையில நிழல்ல எடுங்க, ஒரு இலையை மட்டும் எடுங்க, மேல்பக்கம் ஒண்ணு அடிப்பக்கம் ஒண்ணு, பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வையுங்க, புள்ளி எவ்வளவு பெருசுன்னு தெரியணும், அப்புறம் முழுக் கொடியும் தெரியுற மாதிரி ஒண்ணுன்னு எழுதி அனுப்பினார். மாமன் மறுநாள் அப்படியே எடுத்தார். புள்ளிக்குள்ள வளையம் வளையமா இருந்தது படத்துல தெரிஞ்சுது. இலைக்கருகல்னு சொல்லி, மருந்தும் அளவும் வந்துடுச்சு. வெள்ளாமை தப்பிச்சுது. அந்த அலுவலர் சொன்னதைத்தான் நான் நல்ல விமர்சனம்பேன். ஒவ்வொண்ணும் மறுநாள் காலையில செய்யக்கூடியது. ‘இன்னும் நல்லா எடுங்க’ன்னு சொல்றது விமர்சனம் இல்லை, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.

இந்தப் பூவுல படம் எடுக்க வர்றவங்களுக்குக் கருப்பு உடம்புல வெள்ளையும் சிவப்புமாப் புள்ளி வெச்ச புழு ஒண்ணு ரொம்பப் பிடிக்கும். அழகாத்தான் இருக்கும். இலையையும் பூவையும் தின்னு தீர்க்கிற புழு அது. எடுத்துட்டு எங்க பார்த்தீங்கன்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

பட்டணத்துக்காரங்களுக்குக் குறை சொல்றதுன்னா மனசைப் புண்படுத்துறதுன்னு ஒரு பயம் இருக்கு. கிராமத்துல அந்தப் பயம் கம்மி, ஆனா இங்க வேற வியாதி. ‘என்னடா இது, கரும்பூதம் மாதிரி’ன்னு ஒரே போடாப் போட்டுட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டுல மகன் முதல் தடவை போன் வாங்கி எடுத்த படத்துக்குப் பெரியவங்க சொன்னது அதுதான், அவன் அப்புறம் ரொம்ப நாள் போனைத் திறந்து ஒரு பூவை எடுக்கலை. ரெண்டும் வேலைக்கு ஆகாது. நடுவுல ஒரு வழி இருக்கு, அது சந்தையில இருக்கு. நிலக்கோட்டைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போய்ப் பூ மார்க்கெட்டுல நின்னு பாருங்க. வியாபாரி மூட்டையில கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். ‘ஈரம் இருக்கு’, ‘பாதி விரிஞ்சிருக்கு’, ‘காம்பு நீளம் போதாது’ம்பார். விவசாயி மேல கோபமும் இல்லை, அன்பும் இல்லை. பூவைப் பத்தி மட்டும் பேச்சு. நாளைக்கு என்ன மாத்தணும்னு விவசாயிக்குத் தெரிஞ்சுடும். படத்துக்கும் அப்படிப் பேசப் பழகணும். ‘நீங்க’ன்னு ஆரம்பிக்காம ‘இந்த ஓரத்துல’ன்னு ஆரம்பிச்சாப் போதும், பாதிச் சண்டை வராது.

கேட்டுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்ற எல்லாத்தையும் செய்யணும்னு இல்லை. ஓவிய ஆசிரியர் பின்னாடி வெறும் இருட்டா இருக்கட்டும்பார், அக்கா கொடியும் முள்ளும் தெரியணும்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரி. நீங்க எதுக்கு எடுக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா யார் சொல்றதை எடுத்துக்கலாம்னும் தெரியும். ஆனா மூணு பேர், ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாதவங்க, ஒரே இடத்தைக் காட்டினா வாதம் பண்ணாதீங்க, அந்த இடத்துல ஏதோ இருக்கு.

பூவோட நேரம் தெரியாம நுட்பம் எவ்வளவு தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை. பூசணிப் பூ விடியும்போது விரியும், வெயில் ஏறுறதுக்குள்ள சுருங்கும். பெண் பூவா ஆண் பூவான்னு கீழ குட்டிக் காய் இருக்கான்னு பார்த்துட்டு எடுங்க. புடலம்பூவோட ஓரத்து நூல் எல்லாம் விரிஞ்சு சரிகை மாதிரி நிக்கிறதைப் பார்க்கணும்னா பொழுது சாய்ஞ்சு வரணும். பருத்திப் பூ முதல் நாள் வெண்மஞ்சள், மறுநாள் இளஞ்சிவப்பு. ரெண்டு நாள் பூவும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற செடியைத் தேடிக் கண்டுபிடிச்சா ஒரு கதையே ஒரு படத்துல வந்துடும். முத்தின சூரியகாந்தி கிழக்கத்தான் பார்த்து நிக்கும், சாயங்காலம் வந்து முகத்துல வெயில் இல்லைன்னு குறைப்படக் கூடாது. நெல்லுப் பூவை எடுத்தவங்களை நான் இன்னும் பார்க்கலை. காலையில ஒன்பது மணியில இருந்து பதினோரு மணிக்குள்ள, உமி ரெண்டும் விலகி, சின்னதா மகரந்தம் வெளிய தொங்கும். ஒரு மணி நேரம் போல திறந்திருக்கும், மூடிக்கும். தினம் மூணு வேளை சாப்பிடுறோம், அது பூவா இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு தெரியாமயே சாப்பிடுறோம்.

இந்த வருசம் வர்றதா இருந்தா சில விசயம் சொல்லிடறேன். புரட்டாசி பாதிக்கு மேல வாங்க, காத்துக் கொஞ்சம் அடங்கியிருக்கும், ஐப்பசி மழை புடிக்கிறதுக்கு முன்னாடி வந்துடுங்க. ஆறு மணிக்குத் தோட்டத்துல இருக்கணும். தண்ணி பீச்சுற புட்டியைக் காருலயே வெச்சுட்டு வாங்க. பனித்துளி மாதிரி இருக்கும்னு பூ மேல தண்ணி அடிக்கிறாங்க, மகரந்தம் நனைஞ்சு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டா அன்னிக்கு அந்தப் பூவுல இருந்து எடுத்து வெக்க ஒண்ணும் இருக்காது. ஒரு பூ எங்களுக்கு ஒரு காய். வெளிச்சம் சரியாப் படணும்னு பூவைத் திருப்பிக் கட்டுறதும், ஒடிச்சு வேற கொடியில சொருகுறதும் வேண்டாம், நீங்க சுத்தி வாங்க. கிழங்கு, விதை, இலை எல்லாமே விசம், அதனால குழந்தைகளைக் கூட்டிட்டு வந்தா கையைப் பிடிச்சுக்குங்க, போறப்பத் தொட்டியில எல்லாரும் கை கழுவிட்டுப் போங்க. குடை மறந்தா எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. எடுத்ததும் படத்தை முதல்ல மகரந்தம் வெக்கிற அக்காகிட்ட காட்டுங்க, அவங்க எட்டு மணிக்கு மேல வேலையில இறங்கிடுவாங்க, அப்புறம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.